கடலோர ஊர்களும் மானியப் பணமும்



கடலோர ஊர்களின் பொருளாதார அபிவிருத்திக்கென்று அரசாங்கம் அளிக்கும் மானியம் எவ்வாறு பயன்படுகிறது, எவ்வாறு பயன்படாமற் போகிறது என்பதைப் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விஷயம் பெரிது, நம் மாநிலத்துக் கடற்கரையோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடப்பது. ஆகையால், பழவேற்காடு முதல் நீரோடி வரையில் உள்ள எல்லா ஊர்களையும் தொட்டுத் தொட்டுச் செல்லாமல், இராமேசுவரமும் பாம்பனும் மண்டபமும் அடங்கிய சிறு பிரதேசம் ஒன்றையே எடுத்துக்கொண்டு, அங்கே வந்த பணத்தின் சரித்திரத்தைச் சொல்வது பொருந்தும் என்று கருதினேன். ஏனெனில் அங்கே, ஒரே கடலில் ஓடும் ஒரே வகைப் படகுக்கு, முதலில் அதைக் கட்டுவதற்கும் பின்னர் அதை உடைப்பதற்கும் பொதுப்பணம் செலவாகியிருக்கிறது. இரண்டு தடவையும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த பணம் ஏன் தன் காரியத்தைத் தானே பின்னர் அழிக்கவேண்டி வந்தது என்பதே நான் இன்று ஆராய விரும்பும் கேள்வி.

இந்தச் சரித்திரம் இராமேசுவரத்தில் தொடங்கவில்லை. கொல்லத்துக்கு அருகே உள்ள நீண்டகரையில் தொடங்குகிறது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையும் இந்தியாவும் நார்வேயும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. உலக யுத்தத்தில் தன் ஊர்கள் பலவற்றைத் தீக்குக் கொடுத்து அப்போதுதான் தலைநிமிர்ந்துகொண்டிருந்த நார்வே, தன் அரசாங்கப் பணத்தோடு தன் பொதுமக்களின் நன்கொடையையும் சேர்த்து, தூரதேசத்து மீனவர்களுக்கென்று அனுப்பிய அந்த உதவி, மிகவும் உயர்ந்த மனத்திலிருந்து பிறந்தது என்பதில் ஐயமில்லை. அத்திட்டத்தின் நோக்கங்களைப் படித்துப் பார்த்தால் நெஞ்சம் குளிரும். மீன்பிடிப்பு பெருகவேண்டும், பிடித்த மீன் கெடாமல் சந்தைக்குப் போகவேண்டும், நீண்டகரை, சக்திகுளங்கரை மக்களின் ஆரோக்கியமும் சுத்தமும் ஜீவன நிலையும் உயரவேண்டும். இதற்காக ஆஸ்பத்திரி ஒன்று எழும்பிற்று. குழாய்த் தண்ணீர் வந்தது. பனிக்கட்டித் தொழிற்சாலை வந்தது. இயந்திரப் படகு வந்தது.

இவற்றுள் ஆஸ்பத்திரியையும் தண்ணீரையும் பற்றி யாருக்கும் குறை இல்லை. சிக்கல் படகில்தான் விளைந்தது. உள்ளூர் வள்ளங்களில் இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பிறகு புதிய அமைப்பில் படகு கட்டினார்கள். அப்படகுகள் இழுவலை போட்டுக் கடலடியைத் துழாவியபோது இறால் அகப்பட்டது. ஒரு காலத்தில் தென்னைக்கு எருவாக இட்ட அந்த இறாலுக்கு அமெரிக்காவிலும் பின்னர் ஜப்பானிலும் கிடைத்த விலை, திட்டத்தின் மற்ற நோக்கங்கள் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டது. உள்ளூரார் தின்னும் மத்தியையும் அயிலையையும் பெருக்க வந்த திட்டம், அயல்நாட்டுக்கு அனுப்பும் இறாலைப் பெருக்கும் திட்டமாக மாறிற்று. ஜான் குரியன் என்னும் பொருளாதார ஆய்வாளர் 1985-இல் இத்திட்டத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. மானியத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரிகள் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையேனும் படித்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இழுவைப் படகுக்காரருக்கும் சிறுதொழில் மீனவருக்கும் இடையே பல ஆண்டுகள் நடந்த போராட்டத்தின் பிறகு, 1988-இல் கேரள அரசாங்கம் மழைக்காலத்தில் இழுவலையைத் தடைசெய்தது. உதவி வந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், உதவியால் வந்த பொருளிலிருந்து மக்களைக் காக்கச் சட்டம் வேண்டியிருந்தது.

அந்த நார்வேத் திட்டம் 1960-களில் விரிவடைந்தபோது அதன் நிலையம் ஒன்று மண்டபத்திலும் அமைந்தது. நம் சென்னை ராஜ்யத்து அரசாங்கமும், ஐம்பதுகளின் நடுவிலிருந்தே, விசைப்படகுகளை மானிய விலையில் தவணை முறையில் மீனவர்களுக்குக் கொடுத்துவந்தது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். சேறும் பாசியும் நிறைந்த அதன் தரை இறாலுக்குத் தாய்வீடு. அங்கே இழுவைப் படகு இறங்கியதும் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் தமிழகக் கரை நெடுகிலும் மோதல்கள் நடந்தன; 1983-இல் வந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தைச் சிறுதொழிலாளருக்கென்று ஒதுக்கிற்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வகுத்தார்கள். குறுகிய கடல், படகுகளோ பல. நம் பக்கத்தில் மீன் அருகியதும், படகுகள் எல்லைக் கோட்டைத் தாண்டின.

அங்கே எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் யார்? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வாழும் தமிழ் மீனவர்கள். இலங்கையில் உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் அவர்கள் கடலுக்குள் போகவே தடையிருந்தது. 2009-இல் யுத்தம் ஓய்ந்து, கடன்பட்டு வலை வாங்கி, மறுபடியும் அவர்கள் கடலில் இறங்கியபோது, இரவில் நம் இழுவைப் படகுகள் அந்த வலைகளை அறுத்துச் சென்றன. நம்மவர் சிறைப்படுகிறார்கள், படகு இழக்கிறார்கள், உயிரும் இழந்திருக்கிறார்கள். அந்தத் துயரத்தைப் பற்றி நம் மேடைகளில் நாள்தோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அறுந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்கும் யாழ்ப்பாணத்துத் தமிழனைப் பற்றியும் அதே மேடையில் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது நமக்கு அழகன்று. 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவலைத் தொழிலைச் சட்டத்தால் விலக்கியது.

அதே ஜூலை மாதத்தில், 27-ஆம் நாள், அப்துல் கலாம் அவர்களின் நினைவிடம் பேய்க்கரும்பில் திறக்கப்பட்ட அன்று, இராமேசுவரத்தில் நம் பிரதமர் ஒரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஒழித்து, அவற்றின் உரிமையாளரை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றுவது அதன் நோக்கம். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள். மொத்தச் செலவு 1,600 கோடி ரூபாய். ஒரு படகின் விலை 80 லட்சம் என்று கணக்கிட்டு, மத்திய அரசாங்கம் 40 லட்சமும், மாநில அரசாங்கம் 16 லட்சமும் மானியமாகக் கொடுக்க, 16 லட்சத்தை வங்கிக் கடனாகப் பெற்று, எஞ்சிய 8 லட்சத்தைப் பயனாளி தம் கைப்பொருளாகப் போடவேண்டும். பழைய இழுவைப் படகை ஒப்படைத்து உடைத்துவிடவேண்டும்; புதிய படகு பாக் விரிகுடாவில் தொழில் செய்யலாகாது. நோக்கத்தில் பழுது காண முடியாது. நூற்றுக்கு எழுபது பங்கை அரசாங்கமே கொடுப்பது தாராளம் என்றுதான் எவரும் சொல்லுவர். ஆயினும் மூன்று ஆண்டுக் கெடு முடிந்தபோது கடலில் இறங்கியிருந்த புதிய படகுகள் நூற்றைக்கூட எட்டவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? மீனவர் ஒத்துழைக்கவில்லை என்று சிலர் சொல்லுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு படகுக்காரரின் நிலையிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று காலையில் புறப்பட்டு நாளைக் காலையில் கரை சேரும் தொழில் அவருடையது; ஒரு தடவைக்கு வேண்டிய டீசலும் பனிக்கட்டியும் கூலியாட்களும் அவருக்குத் தெரியும்; பிடித்ததை எடுத்துக்கொள்ள, முன்பணம் கொடுத்த வியாபாரி துறையில் காத்திருப்பார். ஆழ்கடலோ இரண்டு மூன்று வாரத் தொழில். எரிபொருளும் உணவும் பனிக்கட்டியும் பல மடங்கு. ஐந்தாறு பேருக்குப் பதில் எட்டுப் பத்துப் பேர். சூரை மீனைத் தூண்டிலில் பிடிக்கும் வித்தை அவருக்குப் பழக்கமில்லை. பிடித்து வந்தாலும் நல்ல விலை கொடுக்கும் வியாபாரிகள் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறார்களேயன்றி மண்டபத்தில் இல்லை. பெரிய படகு வந்து அணையத் தக்க துறைமுகமும் மூக்கையூர், குந்துகால் ஆகிய இடங்களில் பிந்தித்தான் ஏற்பட்டது. 80 லட்சம் என்ற விலைக்கணக்கும் போதவில்லை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆழ்கடல் படகின் மதிப்பை 1 கோடியே 20 லட்சம் என்று உயர்த்த வேண்டியிருந்தது. படகு என்னும் பொருளுக்கு மாத்திரம் பணம் ஒதுக்கி, அதை ஓட்டும் வித்தைக்கும் விற்கும் வழிக்கும் முதல் இரண்டு ஆண்டு நஷ்டத்துக்கும் ஒன்றும் ஒதுக்காமல் விட்டால், விவேகமுள்ள மனிதர் தம் பழைய படகை உடைக்கக் கொடுப்பாரா?

இங்கேதான் நான் உங்கள் கவனத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு மூலைக்குத் திருப்ப விரும்புகிறேன். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையில், சில கிலோமீட்டர் நீளத்துக்குள் நெருங்கிக் கிடக்கும் தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்கள், இந்திய தேசத்தின் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கே முதுகெலும்பு போன்றவை. அவ்வூரார் கொச்சியைத் தங்கள் துறைமுகமாகக் கொண்டு, வாரக்கணக்கில் அரபிக் கடலின் நடுவே தங்கி, நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில் கோத்துச் சுறாவும் சூரையும் பிடிக்கிறார்கள். இந்த வித்தையை எந்த அரசாங்கத் திட்டமும் அவர்களுக்குப் போதிக்கவில்லை. உறவினரும் நண்பரும் பங்குபோட்டுப் படகு கட்டினார்கள். கட்டுமரத்திலிருந்து படிப்படியாக ஏறிப் பெரிய படகுக்கு வந்தார்கள். கிடைத்த வருமானத்தைப் பங்கு முறையில் பிரித்துக்கொண்டார்கள். தேசத்துக்கே ஆசிரியராக இருக்கத் தக்க அவர்களுக்கு நாம் செய்த உபகாரம் என்ன? 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வந்தபோது, அதன் எச்சரிக்கை நடுக்கடலில் இருந்த அவர்களுக்கு எட்டவில்லை. அவ்வூர்களில் எத்தனையோ வீடுகளில் தகப்பனும் மகனும் சேர்ந்தே திரும்பாமற் போனார்கள். ஒருபுறம் பாக் விரிகுடா மீனவருக்கு ஆழ்கடல் படகு கொடுக்க 1,600 கோடியை ஒதுக்கிய அதே ஆண்டில், ஆழ்கடலில் ஏற்கெனவே இருந்தவருக்குச் செய்தி சொல்லும் கருவி இல்லாமற் போயிற்று என்பதை நினைக்கும்போது என் மனம் ஆறுவதில்லை.

நாகப்பட்டினத்தின் அனுபவத்தையும் சுருக்கமாகக் குறிப்பிடவேண்டும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. உலகத்தின் நாலா திசையிலிருந்தும் வந்த உதவியில் பெரும் பகுதி ஃபைபர் படகாக மாறிற்று. ஏனென்றால் படகு என்பது எளிதில் எண்ணத் தக்கது, படம் எடுக்கத் தக்கது, கொடுத்தவர் பெயரை எழுதத் தக்கது. பல ஊர்களில் அலைக்கு முன் இருந்ததைக் காட்டிலும் அதிகமான படகுகள் சேர்ந்தன. கருவாடு காயவைத்துக் கூடையில் சுமந்து விற்றுக் குடும்பம் நடத்திய பெண்களுக்கோ, படகில் கூலிக்குப் போனவர்களுக்கோ கிடைத்தது சொற்பமே.

இத்தனைக்கும், கொடையை நிலைத்து நிற்கும்படி கொடுப்பது எப்படி என்பது நம்மவருக்குத் தெரியாத விஷயமன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு கோயிலில் நந்தாவிளக்கு எரியவேண்டுமென்று விரும்பியவர் நெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளை இன்ன இடையரிடம் ஒப்படைத்து, அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்றும், ஆட்டின் எண்ணிக்கை என்றும் குறையலாகாது என்றும் கல்லில் வெட்டிவைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் பொறுப்பேற்ற இடையர்களின் பெயர்களே கல்லில் இருக்கின்றன. கொடுத்த பொருள் எது, அதைப் பேணும் பொறுப்பு யாருடையது, அதிலிருந்து நாள்தோறும் விளையவேண்டியது எவ்வளவு என்ற மூன்றும் ஊரார் கண்ணுக்கு முன் நின்றன. இன்றைய மானிய உத்தரவுகளில் முதலாவது மாத்திரம் மிக விரிவாக இருக்கிறது. மற்ற இரண்டும் அநேகமாகக் காணப்படுவதில்லை. எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்பதே திட்டத்தின் வெற்றிக்கு அளவாகக் காட்டப்படுகிறது. வழங்கிய பணத்தால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வூரில் எத்தனை குடும்பம் ஜீவிக்கிறது என்ற கணக்கை எந்த அலுவலகமும் வைத்திருப்பதாக நான் அறியேன்.

நார்வே உதவி வந்த அதே கேரளக் கரையிலேயே ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் மரியநாடு என்ற கடற்கரைக் கிராமத்து மீனவர்கள், 1970-ஐ ஒட்டி ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் முதலில் செய்த காரியம் படகு கேட்டதன்று. கடற்கரை ஏலத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்ததுதான். மீனைச் சங்கமே ஏலம் விடும். அன்றன்று விற்ற தொகையில் ஒரு பங்கைப் பிடித்து வங்கிக் கடனுக்கு வரவு வைக்கும். நல்ல பாடு கிடைத்த நாளில் மீனவர் அதிகம் கட்டுவார். வெறுங்கையோடு திரும்பிய நாளில் ஒன்றும் கட்டமாட்டார். மாதத் தவணை என்ற முறை கடல் தொழிலுக்கு எவ்வளவு பொருந்தாதது என்பதைக் கடலோரத்தில் பிறந்த எவரும் அறிவர்; ஆயினும் நம் வங்கிகள் சம்பளக்காரரிடம் கேட்பதுபோல மீனவரிடமும் மாதத் தவணையே கேட்கின்றன. மரியநாட்டு முறை பல ஊர்களுக்குப் பரவி, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்து, நம் கன்னியாகுமரிக் கரையிலும் வேரூன்றியது. வியாபாரியின் முன்பணத்திலிருந்து மீனவரை விடுவித்த பிறகு கொடுக்கும் மானியம் மீனவரிடம் தங்கும். விடுவிப்பதற்கு முன் கொடுக்கும் மானியம் அவர் கை வழியாக வியாபாரியைச் சென்று சேரும்.

மறுபடியும் இராமேசுவரத்துக்கு வருகிறேன். ஏனெனில் அத்தீவின் பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தச் சொற்பொழிவை முடிக்க எனக்கு மனமில்லை. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்னும் கடற்பாசிகளை எடுப்பதற்காக, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பாறைகளுக்கிடையே மூழ்கும் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கியபோது, அவர்கள் பரம்பரையாகப் பாசி எடுத்த இடங்களே தடைசெய்த இடங்களாயின. கடலைக் காப்பது அவசியம். அதை நான் மறுக்கவில்லை. அப்பெண்களும் தமக்குள்ளேயே கட்டுப்பாடு வகுத்து, மாதத்தில் இன்ன நாட்களில் மாத்திரமே இறங்குவது என்று தொழிலை அளவோடு நடத்துகிறார்கள். 2021-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், தமிழ்நாட்டில் கடற்பாசிப் பூங்கா ஒன்று அமையும் என்று அறிவித்தார்கள். மூங்கில் தெப்பத்தில் பாசி வளர்ப்பதற்கும் மானியம் உண்டு. மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு நூற்றுக்கு அறுபது பங்கு மானியம் என்ற விதியும் உண்டு. விதி நன்று. ஆனால் எஞ்சிய நாற்பது பங்கை, அன்றாடம் பாசி எடுத்து அன்றாடம் உலை வைக்கும் ஒரு பெண் எங்கிருந்து கொண்டுவருவாள்? முன்பணம் கொடுக்கும் பாசிக் கம்பெனிக்காரரிடம் கைநீட்டுவாளாயின், தெப்பம் அவள் பெயரிலும் பாசி அவர் பெயரிலும் ஆகிவிடும். ஆகவே அந்த நாற்பது பங்கைச் சுயஉதவிக் குழுவின் பெயரில், பாசி விற்ற பணத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் நிபந்தனையோடு அரசாங்கமே முன்கூட்டி அளிக்கவேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

இழுவைப் படகுகளை ஒழிக்கும் திட்டத்தைக் கைவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் விரைவாக நடக்கவேண்டும். நடக்காவிட்டால் பாக் விரிகுடாவில் இரு கரைத் தமிழருக்கும் மீன் இராது. ஆனால் எல்லோரையும் ஆழ்கடலுக்கு அனுப்புவது என்ற ஒரே வழியை வைத்துக்கொண்டால் அது நடவாது. வயது முதிர்ந்தவருக்குப் படகைக் கொடுத்துவிட்டுத் தொழிலிலிருந்து விலகும் தொகை வேண்டும். இளைஞருக்குத் தூத்தூர்ப் படகுகளில் ஓராண்டு சென்று தொழில் கற்கும் சம்பளம் வேண்டும். கற்பிக்கும் தூத்தூர்க்காரருக்கும் அரசாங்கம் ஆசிரியருக்குரிய ஊதியமும் மரியாதையும் கொடுக்கவேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்போது கிடைக்கும் 8,000 ரூபாய் 61 நாளுக்குப் போதுமா என்பதையும், அத்தொகையை அளிக்கும் அதே கணக்கின் வழியாகவே படகு மாறும் காலத்து நஷ்டத்தை ஈடுசெய்ய முடியாதா என்பதையும் ஆராயவேண்டும்.

கடைசியாக ஒரு சிறு விஷயம். சிறியதாயினும் அதைத்தான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். ஒரு படகை உடைத்தால் அதன் உரிமையாளருக்கு மானியம் கிடைக்கிறது. அதில் பல ஆண்டுகளாகத் தொழில் செய்த ஐந்தாறு கூலி மீனவருக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் பெயர் எந்த விண்ணப்பத்திலும் எழுதப்படுவதில்லை. ஆகையால் அவர்கள் வேலை இழந்ததும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. படகின் நீளத்தையும் இயந்திரத்தின் குதிரைத்திறனையும் கேட்கும் விண்ணப்பத்தில், அப்படகின் தொழிலாளர் பெயர்களைக் கேட்கும் ஒரு பத்தி சேரவேண்டும்; மானியத்தில் ஒரு பங்கு அவர்கள் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகவேண்டும்; பெயர்ப் பட்டியல் ஊர்ப் பொது இடத்தில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டப்படவேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மீன்வளத் துறையின் உத்தரவு ஒன்றே போதும். இக்கருத்தை ஒரு மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். அது வாயில் அருகே உள்ள மேசையின்மேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதமானவர்கள் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.